வலி அறியாத காலுக்கு ஒரு புல்தரை

தொடுவதை உணராத ஒரு பாதத்துக்கு மென்மை எதற்காக? நைனாவின் இடது காலைச் சென்னையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு, கட்டுப் போட்ட நிலையில் அவரைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய அன்றுதான் இந்தக் கேள்வி முதன்முதலாக எனக்குத் தோன்றியது. ஒன்பது மாதங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது. அப்போது நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு: வெறுங்காலோடு நடப்பவருக்கு எந்தத் தரை இதமாக இருக்கும்? அதற்கு நான் மிகவும் ஒழுங்காக, கையில் ஒரு குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விடை தேடினேன். விடையும் கிடைத்தது. நான் கேட்டதற்கு அது சரியான விடை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நைனா என்று நாங்கள் அழைத்த என் தந்தை ரெவின்யூ இலாகாவில் முப்பது ஆண்டுகள் உழைத்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் அவர் கால் படாத வரப்பு குறைவு. ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் அவருக்கு நீரிழிவு கண்டது. முதலில் உள்ளங்கால்களில் எரிச்சல் இருந்தது. பிறகு எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். அதன் பிறகு, நோய் குணமாகிவிட்டதென்று அவரே நம்பும்படியாக, ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அந்த 'ஒன்றும் இல்லை' என்ன என்பது கடைத்தெருவில் வெளிப்பட்டது. ஒருநாள் மாலை அவர் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பி வருகையில், பத்துக் கடை தள்ளியிருந்த ஜவுளிக்கடைப் பாய் வாசலுக்கு வந்து உரக்கக் கூப்பிட்டார்.

"ஐயா! இன்ஸ்பெக்டரய்யா! உங்க செருப்பு ஒண்ணு நம்ம கடை வாசல்லயே நின்னுட்ச்சு. நீங்க மட்டும் போய்க்கினே கீறீங்களே!"

தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். குனிந்து பார்த்தபோது ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றக் காலில் புழுதிதான் இருந்தது. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியவே இல்லை. பாய் நல்ல மனிதர். செருப்பைத் தானே கொண்டுவந்து கொடுத்து, "கோவிச்சுக்காதீங்க, தமாஷுக்குச் சொன்னேன்" என்றும் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பிறகு நைனா கடைத்தெருப் பக்கம் போகவில்லை. வேறு எந்தத் தெருவுக்கும் போகவில்லை.

அரக்கோணத்தில் இருந்த டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, உள்ளங்காலில் ஒரு குண்டூசியால் அங்கங்கே தொட்டு, "இப்போது தெரிகிறதா?" என்று கேட்டார். நைனா பதில் சொல்லவில்லை. கேள்வி இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஊசியை வைத்துவிட்டு இரண்டு விஷயங்கள் சொன்னார். தினமும் ஒரு மணி நேரம் கட்டாயம் நடக்க வேண்டும். காலில் காயம் படவே கூடாது. பட்டால் ஆறாது, ஆறாவிட்டால் காலே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் கான்வாஸ் பூட்ஸ் வாங்கி மாட்டிப் பார்த்தோம். மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு கொப்புளம். அது ஆற இரண்டு மாதமாயிற்று. எனவே பூட்ஸ் வேண்டாம், செருப்பு வேண்டாம், தெரு வேண்டாம். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கட்டும் என்று முடிவாயிற்று.

முடிவு செய்தவன் நான். எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். வேலை கிடைக்கவில்லை; யுத்த காலமாதலால் கிடைத்த வேலைகள் எனக்குப் பிடிக்கவில்லை. நெசவாளர் தெருக்களில் சுகாதாரப் பிரசங்கம் செய்வதும், கிணறுகளில் மருந்து போடச் சொல்லி மனு எழுதுவதுமாக என் நாட்கள் கழிந்தன. எதைச் செய்தாலும் அதன் பின்விளைவு என்ன, யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு என்று எண்ணிப் பார்த்துச் செய்பவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் அபிப்பிராயம் இருந்தது. தோட்டத்து வேலையையும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் மலையடிவாரத்துச் சரளை மண். ஒரு கிணறு, இரண்டு தென்னை, ஒரு நாரத்தை மரம் தவிர மற்றதெல்லாம் கூர்மையான சிறு கற்கள். சித்திரையில் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். நைனா அதில் நடந்து முடித்த ஒவ்வொரு மாலையும் அம்மா விளக்கைக் கொண்டுவந்து வைத்து, அவருடைய கால்களை வெந்நீரில் கழுவி, துடைத்து, விரலிடுக்கு உட்பட ஒரு அங்குலம் விடாமல் பார்ப்பாள். அவளுக்குக் கிட்டப் பார்வை மங்கல்; எனவே கண்ணால் பார்த்ததை விரலால் இன்னொரு முறை தடவிச் சரிபார்ப்பாள். நைனாவுக்கு அது பெருத்த கூச்சம். "போதும் வுடுடி, மாட்டுக்கு லாடம் பாக்கிற மாதிரி" என்பார்.

கிணற்றைச் சுற்றி இரண்டு கஜ அகலத்தில் ஒரு நடைபாதை அமைத்து, அதன்மேல் எதைப் பரப்பலாம் என்று வைகாசியில் ஆராயத் தொடங்கினேன். முதலில் ஆற்றுமணல். இரண்டு வண்டி கொண்டுவந்து கொட்டினோம். காலுக்கு மிருதுவாகத்தான் இருந்தது. ஆனால் கால் புதைவது தெரியாதவருக்கு மணலில் நிலை தடுமாறும் என்பதை அவர் இரண்டு முறை விழப்போன பிறகே உணர்ந்தேன். தெருப் பூனைகளும் அந்த மணலைத் தங்கள் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டன. அடுத்து வேர்க்கடலைத் தோல். அதன் விளிம்புகள் அரத்தைப் போல இருந்தன. நெல் உமி மழையில் வழுக்கிற்று. பிறகு வாய்க்கால் கரையில் படர்ந்திருந்த பொடுதலையைக் கொண்டுவந்து நட்டேன். குளிர்ச்சியும் மென்மையும் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அது சின்னச் சின்னதாகப் பூத்தது. பூவுக்குத் தேனீக்கள் வந்தன. தண்ணீர் எடுக்கப் போன அம்மாவைப் பெருவிரலில் கொட்டின.

ஒவ்வொன்றையும் நான் முதலில் என் காலால் சோதித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல நடந்து பார்த்து, தோன்றியதை எழுதிக்கொள்வேன். சென்னையில் குண்டு விழும் என்ற பயத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்களோடு வந்திருந்த அக்காவின் கணவர் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்.

"இன்னா மாப்ளே, இன்னிக்கு உமியா, தவுடா? எங்க ஊர்ல மாட்டுக்குத்தான் இதெல்லாம் பாத்துப் பாத்துப் போடுவாங்க."

"விளையாட்டு இல்ல பாவா. நைனா தினம் ஒரு மணி நேரம் நடக்கணும்."

"ஆங், நடக்கணும். ஆனா கண்ண மூடிக்கினு சொகமா நடக்கிறது நீயில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊர் முருகன் கோயில் மலைக்குத் தெற்கே, குளத்தை ஒட்டி, புளியமரங்கள் நின்ற ஒரு புறம்போக்கு மைதானத்தில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த காவடிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தங்கினார்கள். நான் அங்கே தண்ணீர்ப்பந்தலில் வேலை செய்தேன். திருவிழா முடிந்தபோது அந்த மைதானம் தேய்ந்த பாயைப் போலக் கிடந்தது. இரண்டு மழை பெய்தது. புரட்டாசியில் ஒருநாள் அந்த வழியாக வருகையில் நின்றுவிட்டேன். மிதிபட்ட இடம் முழுவதும் அருகம்புல் தழைத்திருந்தது. வயல் வரப்பில் வளர்வதைப் போல நீண்ட கொடியாக ஓடி விரலில் மாட்டிக்கொள்ளும் புல் அல்ல; ஓயாமல் மிதிபட்டதால் குட்டையாக, நெருக்கமாக, ஒரே மட்டமாகப் பின்னிக்கொண்ட புல். செருப்பைக் கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தேன். காலுக்கு அடியில் ஈரக் கம்பளி இருப்பது போல இருந்தது.

அன்று மாலை குறிப்புப் புத்தகத்தில் எழுதியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: ஆயிரம் வெறுங்கால்கள் மிதித்தும் சாகாத புல், ஒருவருடைய காலுக்குச் சாகாது; ஆயிரம் வெறுங்கால்கள் நடந்த தரை, ஒருவருடைய காலுக்குத் தீங்கு செய்யாது. தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நைனாவிடம் சொன்னபோது அவருக்கும் பிடித்தது. முருகனுக்குக் காவடி எடுத்தவர்கள் நடந்த புல் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் அவர் பழைய உத்தியோகஸ்தர். "புறம்போக்குப் புல்லா இருந்தாலும் மணியக்காரரக் கேக்காம எடுக்காதே" என்றார். கேட்டேன். மணியக்காரர் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிச் சிரித்துவிட்டு, மைதானத்தையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

ஐப்பசி முதல் வாரம் மண்வேலை செய்யும் ஒரு கணவனையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். கணவர் மண்வெட்டியால் புல்லை மண்ணோடு சேர்த்துப் பாளம் பாளமாகப் பெயர்த்தார். அந்த அம்மாள் அவற்றைக் கூடையில் அடுக்கி வண்டியில் ஏற்றினார். நாற்பது வயது இருக்கும். செருப்பு என்பதைத் தம் வாழ்நாளில் அணிந்திராதவர். வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது அவர் கூடையை இறக்கிவிட்டு, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். குதிகாலிலிருந்து எதையோ பிடுங்கி, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"சின்னவரே, இத்தப் பாருங்க."

ஒரு சிறிய கம்பிக் கொக்கி. ஒரு பக்கம் ஊசி முனை. காவடி எடுப்பவர்கள் உடம்பெங்கும் எலுமிச்சம்பழங்களைக் குத்தித் தொங்கவிட்டுக்கொள்வார்களே, அந்தக் கொக்கி.

"மலை எறங்கி வந்து இந்த மரத்தடியிலதான் எல்லாம் கழட்டுவாங்க. ஒருத்தர் ஒடம்புலயே நூறு எரநூறு இருக்கும். எத்தினி உழுந்துச்சோ, எத்தினி இந்தப் புல்லுக்குள்ள கீதோ."

"பாத்துப் பொறுக்கிப் போட்டுடுங்கம்மா."

"கண்ணுக்கு எங்க தெரியுது? மயிரு மாதிரி பின்னிக்கினு கீது. நான் ஒண்ணு சொல்றேன். அத்தினியும் கொளத்துல போட்டு அலசிக் குடுக்கிறேன். மண்ணு கரைஞ்சிடும், இரும்பு அடியில தங்கிடும். வெறும் புல்லை எடுத்துக்கினு போயி நட்டுக்கலாம். ஒரு மாசம் ரெண்டு மாசம் நாளாவும். அவ்ளோதான்."

"அலசினா வேரு அறுந்துடும். தாய்மண்ணோட வெச்சாத்தான் புடிக்கும். புத்தகத்துலயே போட்டிருக்குது."

"அருகம்புல்லுங்க அது! கல்லு மேல போட்டாலும் புடிக்கும்."

அவருடைய கணவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ஏய், பி.ஏ. படிச்சவருக்குப் புல்லு நடச் சொல்லிக் குடுக்கிறியா நீ? தூக்கு கூடைய."

"புல்லுக்கா சொல்றேன்?" என்றார் அந்த அம்மாள், கூடையைத் தூக்காமல். "எனக்குத் தெச்சுது, தெரிஞ்சுது, புடுங்கிப் போட்டேன். பெரியவருக்குத் தெச்சாத் தெரியாதே. அதுக்கு இல்ல சொல்றேன்."

நான் யோசிக்காமல் மறுத்தேன் என்று சொல்ல முடியாது. யோசித்தேன், அதுதான் என் பழக்கம். அலசி நட்டால் புல் பரவி மூடுவதற்குத் தை மாதமாகிவிடும். மார்கழிப் பனியில் நைனாவை அதில் நடக்க வைக்க வேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். மழைக்காலம் போனால் பிறகு கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்ற வேண்டும். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தோட்டக்கலைப் புத்தகமோ வேர் கலைவதைப் பற்றி மூன்று இடங்களில் எச்சரித்திருந்தது. இவற்றை ஒரு பக்கமும் ஒரு கொக்கியை மறுபக்கமும் வைத்து நிறுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சொன்னதால் மறுக்கவில்லை என்றுதான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீண்டாமை தவறென்றும் உழைப்பவர் அறிவை மதிக்க வேண்டுமென்றும் மேடையில் பேசுகிறவன் அப்படி நினைக்க மாட்டான் அல்லவா?

"நானே வீட்ல ஒவ்வொண்ணாப் பாத்து எடுத்துடறேன்" என்றேன்.

எடுக்கவும் செய்தேன். இரண்டு நாள் முழுக்கத் தோட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாளத்தையும் மடியில் வைத்து விரலால் கோதிப் பார்த்தேன். வளையல் துண்டுகள் இரண்டு, வேல் வடிவில் வெட்டிய ஒரு பித்தளைத் தகடு, இன்னொரு கொக்கி ஆகியவை கிடைத்தன. அவற்றைக் கிணற்றுக்கட்டின்மேல் வரிசையாக வைத்து வீட்டாருக்குக் காட்டினேன். இவ்வளவு கிடைத்ததே நான் எவ்வளவு கவனமாகத் தேடினேன் என்பதற்குச் சாட்சி என்று தோன்றியது. இன்னும் எவ்வளவு கிடைக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சியாக இருந்திருக்கலாம்.

புல் பிடித்தது. கார்த்திகை மழையில் பாளங்கள் ஒன்றோடொன்று இணைந்து, தைத்த இடமே தெரியாமல் ஒரே விரிப்பாயிற்று. மார்கழி முதல் தேதி விடியற்காலையில் நைனா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கைத்தடியோடு அதில் இறங்கினார். முதல் நாள் ஆறு சுற்று. ஒரு வாரத்தில் பதினைந்து. "இன்னிக்கு இருவத்திரண்டுடி!" என்று அவர் உள்ளே வந்து சொன்னபோது அம்மா காப்பித் தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொள்வதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று. மாதக்கணக்கில் கலகலப்பாகப் பேசாதவர் இப்போது நடந்துகொண்டே பழைய எல்லைத் தகராறுகளைச் சொல்லத் தொடங்கினார். பாவாகூட ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே நடந்து, "இல்ல மாப்ளே, நெஜமாவே நல்லாத்தான் கீது" என்று ஒப்புக்கொண்டார்.

இந்தச் சந்தோஷத்தில்தான் நான் இரண்டாவது தவறைச் செய்தேன். அது முதலாவதைவிடச் சிறியதாகத் தோன்றும். ஆனால் எண்ணிப் பார்க்கையில் அதுதான் பெரியது. அம்மா வழக்கம் போல மாலையில் விளக்கையும் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நைனா கால்களை இழுத்துக்கொண்டார்.

"இன்னும் இன்னாத்துக்குடி இது?"

நான் அவருக்காகப் பரிந்து பேசினேன். "வுட்டுடும்மா. சரளையில நடந்தப்போ பாத்தே, சரி. புல்லுல நடக்கிறவருக்கு இன்னா காயம் ஆவப்போவுது?"

அம்மா என்னையும் நைனாவையும் ஒருமுறை பார்த்தாள். படித்தவன் சொல்கிறான். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கு அப்புறம் அவள் அவருடைய உள்ளங்காலைப் பார்க்கவில்லை.

பனியில் நனைந்த காலோடு நைனா தோட்டத்திலிருந்து வருகையில் கூடத்துச் சிமெண்டுத் தரையில் இரண்டு கால்களின் ஈரச் சுவடுகள் வரிசையாகப் பதியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அவை காய்ந்துவிடும். தை மாதம், பொங்கல் கழிந்த நாலைந்து நாளில், காலையில் கூடம் பெருக்க வந்த அக்கா துடைப்பத்தோடு நின்றாள். வலது காலின் சுவடுகள் காய்ந்திருந்தன. இடது காலின் சுவடுகள் காயவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தாள். விரலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

நைனா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலை எடுத்து என் மடியில் வைத்துத் திருப்பினேன். நடுப்பாதத்தில் ஓர் அரையணாக் காசு அளவுக்குத் தோல் வெளுத்து, அதன் நடுவில் ஒரு சிறு கறுப்புத் துளை இருந்தது. அழுத்தினால் கசிந்தது. சுற்றிலும் கணுக்கால் வரையில் சிவந்திருந்தது. அந்தக் காலோடு அவர் அன்று விடியலில் இருபது சுற்று நடந்திருந்தார்.

"டேய், ஏன்டா மூஞ்சிய அப்படி வெச்சிகினு கீற?" என்றார். "எனக்கு ஒண்ணும் வலிக்கலடா."

அடுத்த ரயிலில் அரக்கோணம் போனோம். டாக்டர் கீறி, சீழை வடித்து, இடுக்கியால் துழாவி, ஒரு சிறு வளைந்த கம்பியை எடுத்து வெள்ளைத் தட்டில் போட்டார். விழும்போது அது 'டிங்' என்று ஒலித்தது.

"இது என்ன? தூண்டில் முள்ளா?" என்று கேட்டார். அவர் தெற்கத்திக்காரர், எங்கள் ஊர்த் திருவிழாவைப் பார்த்ததில்லை.

நான் சொன்னேன்.

"எவ்வளவு நாளாக உள்ளே இருக்கிறது?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நைனாவுக்கும் தெரியவில்லை. யுத்தத்தினால் மருந்துகள் கிடைப்பது அரிதாயிருந்த நாட்கள். கிடைத்ததைக் கொடுத்துப் பார்த்தார். எட்டாம் நாள் பாதம் கறுக்கத் தொடங்கியதும் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே காலை எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்கள். நான் போட்டேன்.

மாசியில் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஊரில் செய்தி பரவியிருந்தது. புல் பெயர்த்தவர்கள் கவனக்குறைவாக ஊசியை விட்டுவிட்டார்கள் என்ற வடிவத்தில் அது பரவியிருந்தது. அப்படி யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, ஆனால் அது என் காதில் விழுந்தபோது திருத்தவும் இல்லை. இரண்டொரு வீடுகளில் அந்த அம்மாளைத் தோட்டவேலைக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். தக்க சமயத்தில் விளக்கலாம் என்று இருந்தேன்.

நைனா வந்த நான்காம் நாள் அந்த அம்மாள் பின்வாசலுக்கு வந்தார். வேலை கேட்டு வரவில்லை. முறத்தில் கொஞ்சம் முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தார். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பாவா கிணற்றடியிலிருந்து வந்தார்.

"இன்னா தைரியம் இருந்தா இந்த வாசல்ல வந்து நிப்ப நீ? ஒரு கொக்கிய ஒழுங்காப் பாத்துப் பொறுக்கத் துப்பில்ல. ஒரு மனுசன் காலே போயிட்ச்சு. இப்போ கீரை கொண்ணாந்துட்டா!"

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "நான் சொன்னேனுங்க" என்றார். "கால்லேர்ந்து புடுங்கியும் காட்டினேன். அலசித் தரேன்னு சொன்னேன். சின்னவரக் கேளுங்க. அவரு இல்லேன்னு சொன்னா நான் போயிடறேன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லும் எண்ணம் எனக்கு இருந்ததா என்று பலமுறை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். ஆனால் பதில் உடனே வரவில்லை. கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சேந்துகிற நேரம் நான் பேசாமல் நின்றேன். அந்த நேரம் முழுவதும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அவர் கண்ணில் சந்தேகம் வளர்ந்துகொண்டே போனதையும் நான் பார்த்தேன்.

"சொன்னாங்க" என்றேன்.

அம்மா கேட்டாள்: "கால்ல தெச்சத எடுத்துக் காட்டினாளா?"

"காட்டினாங்க."

"அதுக்கப்புறமுமா?"

"அலசினா வேரு..." என்று தொடங்கினேன்.

"வேரு புடிச்சிகிச்சு இல்ல?" என்றாள் அம்மா. "நல்லாப் புடிச்சிகிச்சு. போ."

பாவா உள்ளே போய்விட்டார். அம்மா குனிந்து முறத்தை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவர்கள் இருவரும் வெகுநேரம் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே நிற்பதற்கு இடம் இருக்கவில்லை.

பங்குனியில் நைனா கக்கத்தில் இரண்டு தாங்குகட்டைகளை வைத்துக்கொண்டு நடக்கப் பழகினார். அப்போது ஒன்று தெரிந்தது. புல்தரையில் கட்டையின் முனை அழுந்துகிறது. அழுந்தியது ஒருபக்கம் சாய்கிறது. சாய்ந்தால் அவர் விழுவார். ஒருமுறை விழவும் விழுந்தார். அம்மா என்னிடம் கலந்துகொள்ளவில்லை. அந்த அம்மாளையும் அவருடைய கணவரையும் வரவழைத்துப் பாதையிலிருந்த புல் முழுவதையும் வெட்டி எடுக்கச் சொன்னாள். ஒன்றரை அடி ஆழத்துக்கு வேரைத் தோண்டி எடுத்தார்கள். பிறகு சலித்த செம்மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் மூன்று நாள் இடித்து இறுக்கி, சாணம் போட்டு மெழுகினார்கள். கல் இல்லை, முள் இல்லை, இதமும் இல்லை. ஒரு கடுகு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்படியான வெறும் தரை. நான் தண்ணீர் சேந்திக் கொடுத்தேன். அந்த அம்மாள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார். குடத்தை வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் "சின்னவரே" என்றுதான் அழைத்தார். புல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன் பிறகு நைனா இருந்த வரையில், அம்மா விடியற்காலையில் அந்தத் தரையைப் பெருக்கி, குனிந்து பார்த்துக்கொண்டே கிணற்றை ஒருமுறை சுற்றி வருவாள். அவள் வந்து சொன்ன பிறகு நைனா கட்டைகளை ஊன்றிக்கொண்டு இரண்டு சுற்று நடப்பார். மாலையில் விளக்கை வைத்து அவள் மீதியிருந்த ஒரு பாதத்தைப் பார்ப்பாள். அவர் காலை இழுத்துக்கொள்வதில்லை. வீட்டில் எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்று யாரும் என்னைக் கேட்பதில்லை.